மாமா ஏன் பச்சையானார்?

2012 ஆடி மாதம், கச்சான் காற்று அனலாய் அடிக்கிற காலம். களுவாஞ்சிக்குடிக்கும் மட்டக்களப்பு டவுனுக்கும் இடையில் எங்கோ ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெயர் வேண்டாம். அங்கே ஒரு செத்த வீடு. இறந்தவர் எனக்கு மாமா முறை, அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம்தான் காரணம், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஈரல் கெட்டு, வயிறு ஊதி, கண்ணும் தோலும் மஞ்சள் பூசினமாதிரி ஆகி, மூன்று கிழமை வார்டில் கிடந்துதான் போனார். ஒரே மகன் கட்டாரில். அவன் வந்துதான் காரியம் செய்யவேண்டும், லீவும் டிக்கெட்டும் கிடைக்க மூன்று நாளாவது போகும் என்றார்கள், சரி, மலர்ச்சாலையில் கொடுத்து, உடம்பு கெடாமல் மருந்து ஏற்றி எம்பாம் பண்ணிவிடுவோம் என்று பெரியவர்கள் முடிவெடுத்தார்கள்.

மறுநாள் காலையில் பெட்டியில் கொண்டுவந்து வைத்தபோது முகம் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது, யாரும் பெரிதாக எடுக்கவில்லை. பின்னேரம் பார்த்தால் கன்னத்தில் ஒரு பச்சை. அதற்கடுத்த நாள் நெற்றி, கழுத்து, கை எல்லாம் பாசி படிந்த கிணற்றுக்கட்டு நிறம். மகன் வந்து இறங்கி அப்பாவின் முகத்தைப் பார்த்த நேரத்தில், மாமாவின் தங்கச்சி, எனக்குச் சின்னம்மா முறை, பந்தலுக்குள் வைத்தே மாமியைப் பார்த்துக் கத்தினா: “எங்கட அண்ணனுக்கு என்னத்தக் கா கலந்து குடுத்தாய்?”

அவ்வளவுதான். நஞ்சு கொடுத்தால்தான் பொடி, அதாவது செத்த உடம்பு, பச்சையாகும் என்பது எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லித்தராமலே எல்லாருக்கும் தெரிந்த உண்மை. மாமியைப் போட்டு மாமா அடிப்பதும் ஊருக்குத் தெரியும், ஆகவே காரணமும் தயாராக இருந்தது. பொலிசுக்கு யாரும் போகவில்லை, ஆஸ்பத்திரி மரணம், டொக்டர் கையெழுத்துப் போட்ட துண்டு கையில் இருந்தது. சட்ட வைத்திய அதிகாரி பார்க்கட்டும் என்று ஒருவராவது கேட்டிருந்தால் மாமிக்கு நல்லதாகப் போயிருக்கும் என்று இப்போது நினைக்கிறேன். யாரும் கேட்கவில்லை, கதைத்தார்கள். மாமாவின் குடிவழிச் சொந்தக்காரர் எட்டுக்கும் வரவில்லை, முப்பத்தொன்றுக்கும் வரவில்லை. வீடு மாமியின் சீதன வீடு, எங்கள் ஊர்களில் பெண்ணோடுதானே வீடு, அதனால் யாரும் அவவை வெளியே போகச் சொல்ல முடியவில்லை. மகன் மட்டும் காரியம் முடிந்து போனவன் திரும்பி அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

இதெல்லாம் பழங்கதை என்றுதான் நானும் விட்டிருந்தேன். போன வருடம் என் பெரியப்பா மாரடைப்பில் போனார். அவருடைய மகள் ரொரன்ரோவிலிருந்து வரவேண்டும், ஆகவே பொடியை எடுத்துக்கொண்டு மலர்ச்சாலைக்கு (இது வேறு ஆட்கள்) நானும் போனேன். அங்கே எம்பாம் செய்கிற அண்ணனை எனக்கு முன்பே தெரியும். உடுப்பைக் கழற்ற முதல் அவர் கேட்ட முதல் கேள்வி: “தம்பி, கடைசி நேரம் மஞ்சக் காமாலை ஏதும் இருந்ததா? ஈரல் வருத்தம்?”

“இல்லண்ணே, ஹார்ட் அட்டாக்.”

“அப்ப கரைச்சல் இல்ல. மஞ்சப் பொடிக்கு வழமையான மருந்தக் குடுத்தா பச்சையாப் போயிரும். பிறகு சனம் கண்டபடி கதைக்கும்.”

அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கையுறையை மாட்டினார். நான் “திரும்பச் சொல்லுங்க” என்றேன்.

காமாலையில் தோலுக்கு மஞ்சள் நிறம் கொடுப்பது பிலிருபின் என்ற பொருள். பழைய இரத்தச் சிவப்பணுக்கள் உடையும்போது வருவது, நல்ல ஈரல் என்றால் அதைப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். ஈரல் படுத்துவிட்டால் அது உடம்பெங்கும் தேங்கும். அதன்மேல் எம்பாம் மருந்தில் இருக்கும் போமல்டிஹைட் பட்டால் பிலிருபின் பிலிவெர்டினாக மாறுகிறது. பிலிவெர்டின் பச்சை. அடிபட்ட கண்டல் காயம் நாலைந்து நாளில் பச்சையாகும் பாருங்கள், அந்தப் பச்சைக்கும் காரணம் இதே பொருள்தான். அதாவது மாமாவைப் பச்சையாக்கியது மாமி குடுத்த தேத்தண்ணி இல்லை, அவர் இறந்த பிறகு, வேறு ஊரில், வேறு ஆட்கள் நரம்பில் ஏற்றிய மருந்து.

எம்பாம் படிப்பவர்களுக்கு இது ஆரம்பப் பாடமாம். இதற்கென்றே காமாலைத் திரவம் என்று தனியாக விற்கிறார்கள், போமல்டிஹைட் குறைவு, அல்லது அதற்குப் பதில் வேறு பாதுகாப்புப் பொருள், கூடவே சாயம். இல்லாவிட்டால் முதலில் மெல்லிய கரைசல் ஒன்றை ஓடவிட்டு நரம்பைக் கழுவி, மஞ்சளைக் கொஞ்சமாவது வெளியே எடுத்துவிட்டுப் பிறகு மருந்தைக் குடுக்கவேண்டும். மாமாவுக்குச் செய்தவர்களுக்கு இது தெரியாதா, தெரிந்தும் கையில் இருந்ததைக் குடுத்தார்களா, எனக்குத் தெரியாது, இனிக் கேட்டும் பிரயோசனமில்லை.

அழுகல் பச்சை வேறு, இது வேறு, இதையும் சொல்லிவிட வேண்டும். பொடி அழுகத் தொடங்கினால் பச்சை முதலில் அடிவயிற்றின் வலது பக்கத்தில் வரும், பெருங்குடல் அந்த இடத்தில் தோலுக்குக் கிட்டவாக இருப்பதால். கூடவே வீக்கம், மணம். மாமாவில் மணம் எதுவும் இருக்கவில்லை, ஊதவும் இல்லை, கல்லுமாதிரிக் கிடந்தார். மருந்து நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. அதுதான் அந்தக் குடும்பத்துக்குப் பிடித்த சனி.

அன்றைக்கு அண்ணன் என்னை வெளியே போகச் சொல்லவில்லை, நானும் போகவில்லை. கழுத்துப் பக்கத்தில் சிறிய வெட்டு, தமனியில் ஒரு குழாய், பக்கத்து நாளத்தில் இன்னொரு குழாய். ஒன்றால் மருந்து உள்ளே போகிறது, மற்றதால் இரத்தம் வெளியே வருகிறது. இதயம் செய்த வேலையைச் சின்ன மோட்டர் செய்கிறது. மோட்டர் இல்லாத காலத்தில் போத்தலை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டுச் செய்தார்களாம், சேலைன் ஏற்றுகிறமாதிரி. பிறகு வயிற்றுக்குள் இருப்பதைத் தனியாக ஊசிக்குழாயால் உறிஞ்சி எடுத்து, அங்கே கடுமையான மருந்து. எழுபது கிலோ ஆளுக்குப் பத்து, பன்னிரண்டு லீற்றர் கரைசல் போகும் என்று சொல்லலாம். மருந்தின் நிறம் ரோசாப்பூ நிறம். அது சும்மா அழகுக்கு இல்லை, சாயம் தோலில் தெரியத் தெரிய மருந்து எங்கே போயிருக்கிறது, எங்கே போகவில்லை என்று பார்க்கலாம். கை விரல் வெளிறியே கிடந்தால் அங்கே போகவில்லை, தேய்த்துவிடவேண்டும். பெரியப்பாவின் கையை அவர் அப்படித் தேய்த்துக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை, குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பதுபோல இருந்தது.

இன்னொரு விசயம் எனக்குப் புதிது. எங்கள் கரையோரத்துக் கிணற்றுத் தண்ணீரில் மருந்தைக் கலக்கமாட்டேன் என்றார் அவர். மணலுக்குள் ஊறுகிற சவர்த் தண்ணி, சில கிணறுகளில் கேத்தில் அடியில் வெள்ளையாகப் படியுமே, அந்தக் கல்சியம் இரத்தத்தைக் கட்டிபடச் செய்யும், பிறகு மருந்து நுனிவரைக்கும் போகாது. இதற்காகவே இந்தக் காலத்துத் திரவங்களில் சிற்றேற்று மாதிரிப் பொருட்கள் கலந்து வருகின்றன, அவை கல்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிளிசரின் இருக்கும், தோல் காய்ந்து சுருங்காமல். சிறுநீரக நோயில் போனவர் என்றால் கணக்கு மறுபடி மாறும், உடம்பில் தேங்கிய யூரியாவும் அமோனியாவும் போமல்டிஹைட்டைத் தின்றுவிடும், ஆகவே மருந்து கடுமையாக வேண்டும். அம்பாறை உள்பக்கம் மகாஓயா மாதிரி இடங்களில் சிறுநீரக நோய் எவ்வளவு என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விசயம் இல்லை என்று விளங்கும்.

வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று கிழமை இதையே தேடித் தேடிப் படித்தேன், மனிசி “உங்களுக்கு வேற விசயம் கிடைக்கல்லையா” என்று கேட்குமளவுக்கு. அதில் என்னை ஆகப் பிடித்து உலுக்கியது ஆசனிக் கதை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் எம்பாம் திரவம் என்றாலே பெரும்பாலும் ஆசனிக்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த சிப்பாய்களை ஊருக்கு அனுப்ப இந்தத் தொழில் பெருகியது, 1865 இல் லிங்கனின் உடலை எம்பாம் செய்து ரயிலில் ஊர் ஊராகக் கொண்டுபோனபோது சனத்துக்கு இதில் நம்பிக்கையும் வந்தது. ஆனால் அதற்கு முதலே, 1846 இல், பிரான்ஸ் எம்பாமில் ஆசனிக் பாவிப்பதைத் தடை செய்துவிட்டது. ஏன் தெரியுமா? அந்தக் காலத்தில் ஆளைக் கொல்ல ஆகச் சுலபமான நஞ்சும் ஆசனிக்தான். எம்பாம் செய்த உடம்பில் ஆசனிக் இருந்தால், அது கொன்றவன் கொடுத்ததா, எம்பாம் செய்தவன் ஏற்றியதா என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியாது. மருந்து கொலையை மறைத்தது. எங்கள் மாமா விசயத்தில் தலைகீழ், நடக்காத கொலையை மருந்து காட்டியது. (அந்த ஆசனிக் அமெரிக்காவின் பழைய சவக்காலைகளில் நிலத்தடித் தண்ணீருக்குள் இறங்குவதாக இன்றைக்கும் கவலைப்படுகிறார்கள்.)

போமலின், அதாவது தண்ணீரில் கரைத்த போமல்டிஹைட், வந்தது ஒரு விபத்துமாதிரி. 1893 இல் பேர்டினண்ட் புளும் என்ற ஜேர்மன் வைத்தியர் கிருமி கொல்லுமா என்று அதைப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல் நுனித் தோல் விறைத்துப்போவதைக் கவனித்தார். பச்சை முட்டைக்கும் அவித்த முட்டைக்கும் உள்ள வித்தியாசத்தை யோசியுங்கள், கிட்டத்தட்ட அதுதான், நெருப்பு இல்லாமல். புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது, பிறகு நொதியங்கள் வேலை செய்யாது, கிருமிக்கும் தின்ன ஒன்றும் கிடைக்காது. மலிவு, வேகம். ஆகவே நூறு வருடத்துக்கு மேலாக அதை அசைக்க முடியவில்லை, திட்டாத ஆள் இல்லாவிட்டாலும்.

திட்டுவதற்குக் காரணம் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இல் போமல்டிஹைட்டை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதலாம் பிரிவில் போட்டது. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் ஆய்வு ஒன்று 2009 இல் வந்தது, எம்பாம் செய்பவர்களில் எத்தனை வருடம் அந்த வேலையைச் செய்தார்களோ அதற்கேற்ப ஒருவகை இரத்தப் புற்றுநோயால் இறப்பதும் கூடியிருந்தது. நான் அந்த அறையில் ஒரு மணித்தியாலம் நின்றதற்கே கண் எரிந்து மூக்கால் தண்ணி ஓடியது. அண்ணன் அங்கே கிழமையில் ஐந்து நாள் நிற்கிறார். காற்றை வெளியே இழுக்கிற ஃபேன் ஒன்று இருந்தது, ஓடவில்லை. கேட்டேன். “பழகிட்டுது தம்பி” என்றார். இதில் பழகுவதற்கு என்ன இருக்கிறது? மகளுக்கு இரண்டு நாள் கூட வேண்டும் என்று நாங்கள் கேட்கிறோம், அந்த இரண்டு நாளை அவருடைய மூக்கு கட்டுகிறது.

இதற்கு மாற்றுத் தேடியவர்களில் எனக்குப் பிடித்தவர் வோல்டர் தீல். ஒஸ்ரியாவின் கிராஸ் நகரில் உடற்கூற்றியல் பேராசிரியராக இருந்தவர். போமலினில் போட்ட உடம்பு மரக்கட்டை மாதிரி, முழங்கையை மடக்க முடியாது, நிறமெல்லாம் சாம்பல், அதில் சத்திரசிகிச்சை பழகுவது பலகையில் நீச்சல் பழகுகிற மாதிரி. பன்றித் தொடை இறைச்சியை உப்புக் கரைசலில் ஊறவைத்தால் மெதுவாகவும் நல்ல நிறமாகவும் இருப்பதைக் கண்டுதான் அவருக்கு யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். பல்லாண்டுகள் முயற்சித்து 1992 இல் தன் முறையை வெளியிட்டார்: உப்புகள், போரிக் அமிலம், கிளைக்கோல், மிகக் கொஞ்சம் போமலின். ஏற்றியபிறகு தொட்டிக்குள் மாதக்கணக்கில் ஊறப்போட வேண்டும். வெளியே எடுத்தால் மூட்டு மடங்கும், தோல் மிருதுவாக இருக்கும், வயிற்றுக்குள் கமெரா விட்டுச் சத்திரசிகிச்சை பழகலாம். ஸ்கொட்லாந்தின் டண்டி பல்கலைக்கழகம் இந்த முறைக்கு மாறிவிட்டது. குறை என்று பார்த்தால் செலவு, தொட்டிகளுக்கான இடம், போரிக் அமிலம் தசைநாரைத் தளர்த்திவிடுகிறது என்பதும்.

மருத்துவபீடத்தில் படிக்கும் மருமகளுக்கு இதைச் சொன்னபோது சிரித்தாள். “மாமா, இத எங்கட அம்மம்மாவிட்ட கேட்டிருந்தா கருவாட்டுக்குப் போடுற உப்ப வச்சே சொல்லித் தந்திருப்பா.” யோசித்துப் பார்த்தால் சரிதான். உப்புத் தண்ணீரை இழுக்கிறது, தண்ணீர் இல்லாவிட்டால் கிருமிக்கு வாழ்வில்லை, கருவாட்டுக்கும் எகிப்தியர் மம்மி செய்யப் பாவித்த நேற்றன் உப்புக்கும் அடிப்படை ஒன்றுதான். தீல் செய்தது தண்ணீரை விரட்டாமல் உப்பை உள்ளே விட்டதுதான். அவள் சொன்ன இன்னொன்றும் மனதில் நிற்கிறது. முதல் நாள் அவர்களுக்கு முன்னால் கிடந்த உடம்பின் கையில் நகப்பூச்சு கொஞ்சம் மிச்சமிருந்ததாம். அந்தப் பாடம் முடியும்வரைக்கும் அந்தக் கையை மட்டும் துணியால் மூடியே வைத்திருந்தாள்.

பிளாஸ்டினேசன் பற்றியும் எழுத இருந்தேன், சுருக்கமாக முடிக்கிறேன். 1977 இல் ஹைடெல்பேர்க்கில் குந்தர் வொன் ஹாகன்ஸ் தொடங்கியது. உடம்பின் தண்ணீரைக் குளிரில் அசற்றோனால் மாற்றி, பிறகு வெற்றிடத்தில் அசற்றோனை உறிஞ்சி எடுத்து அந்த இடத்தில் சிலிக்கோனை விடுவது. மணமில்லை, நனைவில்லை, கையில் எடுத்துப் பார்க்கலாம். படிக்கிற பிள்ளைகளுக்கு அருமை. அதை நிற்கவைத்து, பந்து அடிக்கவைத்து, டிக்கெட் போட்டுக் காட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

இத்தாலியின் பலெர்மோவில் இருக்கும் ரொசாலியா லொம்பார்டோவின் படத்தைப் பார்த்தவர்கள் இருப்பீர்கள். 1920 இல் இறந்த, இரண்டு வயதும் நிரம்பாத குழந்தை, நித்திரை கொள்வதுபோலவே இருக்கிறது. அல்பிரெடோ சலாபியா என்பவர் செய்தது, அவர் கைப்பட எழுதிய குறிப்பு பிற்காலத்தில்தான் கிடைத்தது: போமலின், துத்தநாக உப்பு, அற்ககோல், சாலிசிலிக் அமிலம், கிளிசரின். பூஞ்சணம் பிடிக்காமல் சாலிசிலிக் அமிலம், காய்ந்து கருவாடாகாமல் கிளிசரின், முகம் குழிவிழாமல் துத்தநாகம். இரண்டு நாள் மழை பெய்தால் செருப்பிலும் பூஞ்சணம் பிடிக்கிற எங்கள் மாரிகாலத்தில் இந்தக் கலவையை யாராவது முயற்சித்துப் பார்க்கவேண்டும் என்று அந்த அண்ணனுக்குச் சொன்னேன். “பிள்ளைய அப்பிடியே வச்சிருந்து அந்த அப்பாக்காரன் என்ன செஞ்சவன்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

காத்தான்குடியில் இருக்கும் என் முஸ்லிம் நண்பனுக்கு இந்த ஆராய்ச்சி எல்லாமே வேடிக்கை. அவர்களுக்கு மையத்தை, அதாவது பொடியை, குளிப்பாட்டி, கபன் துணி சுற்றி, முடிந்தால் அன்றைக்கே அடக்கம். “நீங்க ஆளுக்காகக் காத்திரிக்கிறீங்க, நாங்க காக்க வைக்கிறதில்ல” என்றான். ஆனால் அவனுடைய சாச்சா சவுதியில் மௌத்தானபோது இங்கே கொண்டுவரவேண்டும் என்றால் எம்பாம் சான்றிதழும் அடைத்து மூடிய பெட்டியும் வேண்டும் என்று வந்துவிட்டது. அங்கேயே அடக்கிவிட்டார்கள். அவனுடைய உம்மாவுக்கு அது இன்னும் ஆறவில்லை. எங்களுக்கும் இது புதுப் பழக்கம் என்று சொல்லமுடியாது, தசரதன் இறந்தபோது பரதன் மாமன் ஊரில் இருந்தான், அவன் வரும்வரைக்கும் உடலைத் தைலத்தோணியில்தானே போட்டு வைத்தார்கள். எண்ணெய் காற்றை மறைக்கும், காற்றில்லாவிட்டால் அழுகல் மெதுவாகும். அந்தக் கதையிலும் வந்த மகன் முதலில் திட்டியது தாயைத்தான்.

போன மாதம் மாமியிடம் போனேன். முற்றத்தில் நெல் காயப்போட்டிருந்தா, கோழியை விரட்டுகிற தடியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டா. பிலிருபின் அது இது என்று சொல்லாமல், காமாலைக்காரருக்கு இந்த மருந்தை ஏற்றினால் யாராக இருந்தாலும் பச்சைதான் மாமி, உலகம் முழுக்க அப்படித்தான் என்றேன். அழுவா என்று நினைத்தேன். அழவில்லை.

“எனக்குத் தெரியாதா மனே, நான் ஒண்டும் குடுக்கல்ல எண்டு? எனக்கு ஏன் சொல்றாய். அவங்களுக்குப் போய்ச் சொல்லு.”

சின்னம்மாவிடம் போனேன். கேட்டுவிட்டு, “எந்த டொக்டர் சொன்னவரு?” என்றா. மலர்ச்சாலை அண்ணன் என்று சொன்னதும் எழும்பிப் போய்விட்டா. ஆகவேதான் இவ்வளவு நீட்டி, வருடம் கணக்கெல்லாம் போட்டு எழுதியிருக்கிறேன். பெயர் போடாமல் எழுத மாமி சம்மதம் தந்தா.

மச்சான், நீ இதை வாசிப்பாய் என்று தெரியும், போன வருடம் நான் மழை வெள்ளம் பற்றி எழுதியதற்கு லைக் போட்டிருந்தாய். உன் பழைய கட்டார் நம்பர் வேலை செய்யவில்லை. வீட்டு நம்பர் அதேதான், மாற்றவில்லை.